டைவிங் கத்தியில் நான் முதலில் பார்ப்பது உறையைத்தான்

கடலுக்கடியில் வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால் அறுக்க வைத்திருக்கும் டைவிங் கத்திகளைச் சேர்ப்பது, தண்ணீரில் பயன்படுத்துவது, அப்புறம் பிரித்துப் போட்டுப் படம் எடுப்பது என்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது புதிதாக ஒன்று கைக்கு வந்தால் அலகைக் கூட அப்புறம்தான் பார்ப்பேன், முதலில் உறை. தடித்த கையுறை போட்டுக்கொண்டு, குனிந்து பார்க்காமல், ஒரே கையால் உருவ வர வேண்டும். அதே கையால் திரும்பச் சொருகவும் வேண்டும். பூட்டு லொடலொடத்தால் கத்தி கடலுக்குத்தான், அது எந்த எஃகாக இருந்தால் என்ன?

தலைக்கவசம் போட்டு இறங்கிய காலத்துக் கத்திகளில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. கனமான பித்தளை உறை, அதில் பிடியையே திருகி மூட வேண்டும். அந்த மரையை நெருக்கத்தில் படம் எடுத்துப் பாருங்கள், எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பதிலேயே அது வேலை பார்த்த கத்தியா, அலமாரிக் கத்தியா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அலகு விஷயம் சுருக்கமாக. 304 ரக எவர்சில்வர் லேசில் துருப்பிடிக்காது, ஆனால் சூடேற்றிக் கடினப்படுத்த முடியாது, அதனால் கூர் நிற்காது. 420 ரக எவர்சில்வர் கூரை இன்னும் கொஞ்சம் தாங்கும், கழுவாமல் வைத்தால் புள்ளி புள்ளியாகத் துரு. ஹெச்1 என்ற ரக எஃகில் கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்திருக்கிறார்கள், உப்புத் தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. டைட்டானியமும் துருவை மறக்கவைக்கும், கூர் மட்டும் சுமார்தான். அதற்குத்தான் ரம்பப் பல், கயிறை அது பார்த்துக்கொள்ளும். தங்கூசி நரம்புக்கு (மீன்பிடி நைலான் இழை) அலகில் இருக்கும் அந்தச் சின்ன வளைந்த வெட்டு, மாட்டி இழுத்தால் போதும். மொண்ணை முனையைக் கேலி செய்பவர்கள், கூர்முனை தவறிக் குத்தினால் உடம்பில் மாட்டியிருக்கும் காற்றுப் பையும் மூச்சுக் காற்று வரும் ஹோசும் என்ன ஆகும் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

படம் எடுப்பவர்களுக்கு: போலரைசர் பில்டர் தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் சரி, வெறும் உலோகத்தின் பளபளப்பை அது பெரிதாக அடக்காது. விளக்குக்கு முன்னால் டிரேசிங் பேப்பர், எதிர்ப்பக்கம் ஒரு கறுப்பு அட்டை, அவ்வளவுதான். அட்டையை மெல்ல நகர்த்தும்போது சாணை பிடித்த சரிவின் கோடு தானாக எழுந்து நிற்கும். பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றியும் ஒரு படம். வெளியே பளிச்சென்று இருக்கும் கத்தியில் கூட பிடிக்குள் போகும் வால் பகுதியில் உப்புப் படிந்திருக்கும். துரு முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான், இல்லையென்றால் ரம்பப் பல்லின் பள்ளத்தில், அல்லது அச்சடித்த எழுத்துக்குள். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, உறைக்கு வெளியே காயவிடுவதுதான் வழி.

சேகரிப்பில் காலில் கட்டும் பெரிய கத்திகள்தான் படத்துக்கு அழகு. இறங்கும்போது நான் எடுத்துப்போவது நெஞ்சருகே மாட்டும் குட்டி டைட்டானியக் கத்தி. வலை சுற்றிக்கொள்வது காலிலாகவும் இருக்கலாம், அப்போது கெண்டைக்காலில் இருக்கும் கத்தியை எட்டுவது எப்படி? நெஞ்சருகே என்றால் இரண்டு கையில் எது காலியோ அது எட்டும்.