கேம்பர் வேன் கழிவுநீர்க் குழாய்: டேப், கிளிப், கடைசியில் கெட்டிக் குழாய்

எங்களுடையது ஃபியட் டுகாட்டோ வேனில் கட்டிய பழைய கேம்பர், அதாவது உள்ளேயே சமைத்து, குளித்து, படுத்துப் பயணம் போகிற வண்டி. பிரிட்டனில்தான் ஓடுகிறது. கோடையில் ஸ்காட்லாந்து, மற்றபடி வேல்ஸ், பீக் டிஸ்ட்ரிக்ட். இந்த மாதிரி வண்டிகளில் சிங்க், வாஷ் பேசின், ஷவர் மூன்றின் தண்ணீரும் தரைக்கு அடியில் தொங்கும் ஒரு டேங்கில் போய்ச் சேரும். எங்கள் வண்டியில் அதுவரை கொண்டுபோனது 28 மி.மீ. விட்டமுள்ள, மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் ஹோஸ். அது ஒழுக ஆரம்பித்தால் எந்த வைத்தியம் எவ்வளவு தாங்கும் என்று சில வருஷமாகப் பார்த்தாயிற்று. அதனால் இந்தப் பகிர்வு.

முதல் தொல்லை, ஓட்டையைக் கண்டுபிடிப்பது. சொட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் வேறொன்று. தண்ணீர் ஹோஸின் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடி, எங்கே தொய்ந்திருக்கிறதோ அங்கே போய்ச் சொட்டும். அது டேங்குக்குப் பக்கத்தில் என்றால் டேங்கே போச்சு என்று நினைக்கத் தோன்றும். ஹோஸைத் துடைத்துக் காயவைத்து, நெடுக டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை சிங்கில் நிரப்பி, அடைப்பானை ஒரே இழுப்பில் எடுங்கள். பேப்பர் முதலில் எங்கே ஆரஞ்சாகிறதோ அதுதான் இடம். குழாயைச் சும்மா திறந்துவிட்டுப் பார்த்தால் பல கசிவு தெரியாது. ஹோஸ் நிறையத் தண்ணீர் வரும்போதுதான் வாய் திறக்கும். மேலே இழுக்க ஒருவர், கீழே பார்க்க ஒருவர் வேண்டும். எங்கள் வீட்டில் கீழே போகிற ஆள் எப்போதும் நான்தான். வண்டியை வெறும் ஜாக்கில் தூக்கிவிட்டு அடியில் படுக்காதீர்கள். சாய்தளத்தில் ஏற்றி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

எங்களுக்குக் கசிந்தது பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால், வண்டியின் அடிச்சட்டத்தில் ஹோஸ் உரசி உரசித் தேய்ந்த இடத்தில். வேலைக்கூடத்தில் கேட்ட கூலியைக் கேட்டதும், சரி, நாமே பார்ப்போம் என்று முதலில் வாங்கியது தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகோன் டேப். நல்ல சரக்குதான். இழுத்து நீட்டி, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றினால் ஒரே ரப்பர் உறை போல இறுகிவிடும். ஆனால் அது ஒட்டுவது தன்னோடு மட்டும், ஹோஸோடு இல்லை. எங்கள் ஹோஸில் மடிப்புகள் திருகு போலச் சுற்றிப் போகிறவை. அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் புகுந்தால் மாடிப்படியில் இறங்குகிற மாதிரி டேப்புக்கு அடியிலேயே சுற்றிச் சுற்றி வந்து மறு முனையில் எட்டிப்பார்க்கும். ஒரு பயணத்தை முடித்து வீடு வந்து சேர அது போதும். ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவதற்குப் போதாது.

சிலிகோன் பசை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்ணெயும் சோப்பும் ஊறிய பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது. தோல் மாதிரி உரிந்து கையோடு வந்தது.

கிளிப்பிலும் இதே கதைதான். திருகாணியை முறுக்கி இறுக்கும் வளையத்தை இங்கே ஜூபிலி கிளிப் என்பார்கள். 1921-ல் காப்புரிமை பெற்ற பொருள், பிரிட்டனில் எந்தப் பழைய கருவிப்பெட்டியைத் திறந்தாலும் நாலு கிடக்கும். வழுவழுப்பான ரப்பர் ஹோஸுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. மடிப்பு ஹோஸில் மட்டும் அது இரண்டு மேட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும், பள்ளத்தை அமுக்காது. இறுக்க இறுக்க மேடு நசுங்கும், கசிவு இருந்த இடத்திலேயே இருக்கும். போதாததற்குக் குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதா இரும்புக் கிளிப் துருவேறித் திருகாணி திரும்பாமல் போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்கள்.

கடைசியில் ஹோஸை அறுத்து எடுத்தபோதுதான் முழு விஷயமும் புரிந்தது. நீளவாக்கில் பிளந்து பார்த்தால் பள்ளம் பள்ளமாகச் சாம்பல் நிறக் கொழுப்பு, அதற்குள் பதித்து வைத்தது போலக் கடுகு. எங்கள் தாளிப்பு முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது. வடித்த கஞ்சி வேறு கொதிக்கக் கொதிக்க இதே வழியாகத்தான் போயிற்று. அந்தச் சூட்டில் ஹோஸ் இளகித் தொய்யும்; தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும்; தேங்கியதன் கனத்தில் இன்னும் தொய்ந்து சட்டத்தில் உரசும். உறைபனி இரவில் தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியானால், தேய்ந்த பிளாஸ்டிக் பிளக்க அதுவே போதும். ஓட்டையை மட்டும் அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வருவது இதனால்தான்.

ஆகவே நீளமான ஓட்டம் முழுவதையும் உள்ளே வழுவழுப்பான 28 மி.மீ. கெட்டிக் குழாயாக மாற்றினேன். கேரவன் உதிரிபாகக் கடைகளில் அதற்கேற்ற, திருப்பத்துக்கு முழங்கை, கிளை பிரிய டி இணைப்பு எல்லாம் கிடைக்கும். வண்டி குலுங்கும், சட்டமும் தரையும் ஒரே மாதிரி அசையாது. அதனால் இரண்டு முனையிலும் ஒரு சாண் அளவுக்கு ரப்பர் ஹோஸ் வைத்து, அதில் கிளிப் போட்டேன். வீட்டுக் குழாய்க்கு இங்கே கட்டட வழிகாட்டுதல் சொல்கிற சரிவு மீட்டருக்கு 18 மி.மீ.யிலிருந்து தொடங்கும். வண்டிக்கு அடியில் அவ்வளவு கிடைப்பது கஷ்டம். எங்கேயும் மேடேறாமல் இருந்தால் சரி என்று விட்டேன். தொய்வு வராமலிருக்க ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பிடிப்பு கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பிடித்த வேலை. மனைவி கொடுத்த காபி மூன்று முறை ஆறிப்போனது.

அதற்குப் பிறகு வண்டி ஸ்காட்லாந்தின் வடகோடி வரை போய் வந்திருக்கிறது. கிளிப்புகளை வசந்தகாலத்தில் ஒரு முறை இறுக்குவதோடு சரி. சிங்க் முன்பைவிட வேகமாக வடிகிறது, கூடவே நாற்றமும் பாதியாகக் குறைந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. மீதி நாற்றம் டேங்கிலிருந்து வருவது. எங்கள் வண்டியில் சிங்குக்கு அடியில், தண்ணீர் தங்கி நாற்றத்தைத் தடுக்கும் யு வளைவு வைக்க இடமில்லாததால், பயன்படுத்தாதபோது அடைப்பானைப் போட்டே வைக்கிறோம்.

சமையலிலும் கொஞ்சம் மாறினோம். கஞ்சியை வாளியில் வடித்து ஆறவைக்கிறோம், எண்ணெய்ச் சட்டியைப் பேப்பரால் துடைத்த பிறகே கழுவுகிறோம், சிங்க் வாயில் ஒரு சல்லடை. நிறுத்தி வைக்கும் மாதங்களில் டேங்கைக் காலியாக்கி வடிகால் வால்வைத் திறந்தே விடுகிறோம். அந்த வால்வின் ரப்பர் வளையம் இப்போது லேசாகக் கசிய ஆரம்பித்திருக்கிறது. புதிது வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.