பீரோவா, திறந்த அலமாரியா, குழுக் கூடையா? மூன்று வகுப்பு ஒரே அறையில் இருந்தால் எது சரிப்படும்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என் அறையில், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். இந்த ஆண்டு என்னிடம் 27 பிள்ளைகள். வகுப்பறைப் பொருள்களை எங்கே, எப்படி வைப்பது என்பதில் மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன். பீரோவில் பூட்டி வைத்து நாமே எடுத்துக் கொடுப்பது ஒன்று. பொருள்வாரியாகத் திறந்த அலமாரியில் அடுக்கிப் பிள்ளைகளையே எடுக்க விடுவது இன்னொன்று. குழுவுக்கு ஒரு கூடை என்று பிரித்து, அந்தக் குழு உட்காரும் இடத்திலேயே வைத்துவிடுவது மூன்றாவது. இப்போது கூடைக்கு வந்து நிற்கிறேன், இனி மாறுவதாக இல்லை. ஜூனில் வகுப்பறையைப் புதிதாக அமைக்கப் போகும் ஆசிரியர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பீரோவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பூட்டினால் பொருள் தொலையாது, எலி கடிக்காது, ஓடு ஒழுகினாலும் நனையாது. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் நாம் என்பதால் தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான். அந்தப் பயம் நியாயமானது, அதனால் பூட்டி வைக்கும் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வந்து "டீச்சர், மணிச்சட்டம்" என்று நின்றால், சாவியைத் தேடி, எழுந்து போய், எடுத்துக் கொடுத்து, பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் இந்தப் பக்கம் வகுப்பு கலைந்துவிடும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை இப்படி எழ வேண்டியிருந்தால், நம்மையும் அறியாமல் பொருளை எடுப்பதையே குறைத்துவிடுவோம். எனக்கு அதுதான் நடந்தது. கல்வியாண்டு முடியும்போது பீரோவில் பொருளெல்லாம் புதிதாகவே இருந்தது.

திறந்த அலமாரிக்கு நம் ஊரில் ஒரு நல்ல வரலாறு உண்டு. செயல்வழிக் கற்றல் நாள்களில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆந்திராவின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையைப் பார்த்து வந்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அலமாரி நிறையத் தட்டுகள், தட்டு நிறைய அட்டைகள், சுவரில் பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப் படம், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேல் பிள்ளைகளின் படங்கள் தொங்கும் கம்பிப் பந்தல். ஏணியைப் பார்த்துத் தனக்கு எந்த அட்டை என்று பிள்ளையே தெரிந்துகொண்டு, எடுத்து, முடித்து, திரும்ப வைக்கும். இவ்வளவு அட்டைகளைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தும் அலமாரி ஓரளவு ஒழுங்காகவே இருந்ததற்குக் காரணம், ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னமும் எண்ணும் இருந்ததுதான். தட்டிலும் அதே சின்னம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகூடச் சின்னத்தைப் பார்த்துச் சரியான தட்டில் போட்டுவிடும். அதாவது பொருள் தன் விலாசத்தைத் தானே சுமந்துகொண்டிருந்தது.

2022 ஜூனில் சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கைவரச் செய்யும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது நான் பழைய நினைப்பிலேயே மறுபடி திறந்த அலமாரியை வைத்தேன். ஆனால் இப்போது இருக்கும் பொருள்கள் வேறு. விரல் பொம்மை, முகமூடி, மின்னட்டை (ஃப்ளாஷ் கார்டு), புளியங்கொட்டை, மஞ்சாடி, பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ் குச்சி, கிரையான். பாதிக்கு மேல் நாமே செய்தவை, ஒன்றிலும் சின்னமும் கிடையாது, எண்ணும் கிடையாது. எல்லா மின்னட்டையும் இங்கே, எல்லாக் கொட்டையும் இங்கே என்று அழகாக எழுதி ஒட்டினேன். முதல் வாரம் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மூன்றாவது வாரம் மஞ்சாடிக்குள் புளியங்கொட்டை, கிரையான் டப்பாவுக்குள் விரல் பொம்மை.

இந்த அலசலில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்றே ஒன்றுதான்: மாலையில் பொருளைத் திரும்ப வைப்பது யார், எவ்வளவு நேரத்தில்? பொருளை எடுப்பது எந்த முறையிலும் சுலபம்தான். வைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. திறந்த அலமாரி என்றால் கடைசி மணிக்கு முன்னால் 27 பேரும் ஒரே மூலைக்குப் போக வேண்டும். முன்னால் நிற்பவன் பார்த்து வைப்பான், பின்னால் நிற்பவன் கைக்கு எட்டிய தட்டில் போட்டுவிட்டுப் பையைத் தூக்குவான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, வெளியே அக்கா காத்துக்கொண்டிருப்பாள். ஒரு பொருள் காணவில்லை என்றால் 27 பேரையும் கேட்க வேண்டும், அப்படிக் கேட்டால் யாருமே பொறுப்பில்லை. கால் மணி நேரம் போய்விடும், அதற்கப்புறமும் பிள்ளைகள் கிளம்பிய பின் நான் தனியாக உட்கார்ந்து கொட்டை பிரித்துக்கொண்டிருந்த நாள்கள் நிறைய.

காலையிலும் இதே கதைதான். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தால் மணி அடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கிடைக்கும், அறைக்குள் வந்து எதையாவது எடுத்து விளையாடத்தான் செய்வார்கள். அது எனக்கும் பிடிக்கும், அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் ஒன்பது மணிக்கே அலமாரி கலைந்து கிடந்தால் நாள் முழுக்க அந்தக் கலைசல்தான்.

கூடைக்கு மாறியது இதற்காகத்தான். அறையில் ஐந்து இடம், ஐந்து பாய், ஐந்து கூடை. ஒரு குழுவுக்கு ஐந்து ஆறு பேர். ஒவ்வொரு கூடையிலும் ஒரே மாதிரி: ஆறு பென்சில், இரண்டு ரப்பர், ஒரு ஷார்ப்னர், ஒரு டப்பா கிரையான், மூடி போட்ட பாட்டிலில் 100 புளியங்கொட்டை, பத்து ஐஸ் குச்சிக் கட்டு, ஒரு செட் மின்னட்டை, சிலேட்டு துடைக்கிற துணி. கூடைக்கு ஒரு நிறம், உள்ளே இருக்கும் எல்லாவற்றிலும் அதே நிற டேப், மின்னட்டையின் முதுகில் உட்பட. செயல்வழிக் கற்றல் அட்டையில் சின்னம் பார்த்த வேலையை இந்த டேப் பார்க்கிறது. கூடையின் அடியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று படமாக வரைந்து ஒட்டியிருக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படத்தில் விரலை வைத்து "இது இருக்கு, இது இருக்கு" என்று சரிபார்ப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும், அதுவே அவர்களுக்கு ஒரு கணக்குப் பாடம். மாலையில் யாரும் இடத்தை விட்டு எழ வேண்டாம். நாலு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பச்சைக் கூடையில் ஷார்ப்னர் இல்லை என்றால் அந்த ஐந்து பேர் மட்டும் தேடினால் போதும். யாராவது வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் மறுநாள் ஜன்னல் திட்டில் இருக்கும் டப்பாவில் போட்டுவிடலாம், யார் போட்டது என்று நான் கேட்பதில்லை. ஒருவர் பெயரையும் சொல்லாமலே பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். கூடை இடத்துக்குச் சொந்தம், பிள்ளைக்குச் சொந்தமில்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் கற்றல் நிலைக்குத் தரும் பெயர்களான அரும்பு, மொட்டு, மலர் பார்த்துப் பிள்ளைகளை மாற்றி உட்கார வைக்கும்போது தன் கூடையையும் தூக்கிக்கொண்டு போக விட்டால் எல்லாம் குழம்பிவிடும். தமிழில் மலரில் இருப்பவன் கணக்கில் மொட்டில் இருப்பான், அவன் எந்தப் பாயில் உட்காருகிறானோ அந்தப் பாயின் கூடை. அதைவிட முக்கியம், கூடைக்கு நிலையின் பெயரை எழுதிவிடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஒரே வாரத்தில் "நீ அரும்புக் கூடை" என்று ஒரு பிள்ளை இன்னொன்றைச் சொன்னது காதில் விழுந்தது, அன்றைக்கே கிழித்துவிட்டேன். நிறம் போதும்.

கூடை தோற்கும் இடங்களும் உண்டு. புத்தகம் அதில் முதலாவது. பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தில் வந்த, நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்த சின்னக் கதைப் புத்தகங்களைக் குழுவுக்கு இத்தனை என்று பிரித்துப் போட்டுப் பார்த்தேன், பிள்ளைகள் அந்த ஐந்து புத்தகத்தையே சுற்றிச் சுற்றிப் படித்து அலுத்துப்போனார்கள். புத்தகம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், அட்டை தெரிய வேண்டும். அந்தச் சின்னப் புத்தகங்கள் கனமில்லாதவை என்பதால் பிள்ளையின் நெஞ்சளவு உயரத்தில் கயிறு கட்டி, நடுப்பக்கத்தில் பிரித்துத் தொங்கவிட்டால் அழகாக நிற்கும். கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் அட்டை கிழியும். தடித்த புத்தகத்துக்குக் கயிறு தொய்ந்துவிடும், அதற்கு மட்டும் பழைய அலமாரியை வைத்திருக்கிறேன், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, கரையானுக்காக. கத்தரிக்கோல், பசை, ஒன்றே ஒன்று இருக்கும் தராசு, கடிகார மாதிரி இதெல்லாம் பீரோவில்தான். ஆக பீரோவையும் அலமாரியையும் தூக்கிப் போடவில்லை, அவற்றின் வேலையைக் குறைத்திருக்கிறேன்.

செலவும் கொஞ்சம் கூடும். எல்லாவற்றிலும் ஐந்து வேண்டும். கொட்டை, குச்சி பிள்ளைகளே கொண்டுவந்துவிடுவார்கள், மின்னட்டை ஐந்து செட் எழுதத்தான் ஒரு வாரம் பிடித்தது. என் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெஞ்சு போட்ட அறையில் கூடை எங்கே நிற்கும் என்று எனக்கு அனுபவம் இல்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளே உள்ள பள்ளியில் கூடையே தேவைப்படாமல் போகலாம், ஒரு அலமாரியே போதும் என்று நினைக்கிறேன், ஆனால் அப்படி ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்ததில்லை.

கூடை வாங்கும்போது சந்தையில் காய்கறிக்கு விற்கும் ஓட்டைக் கூடையை எடுக்காதீர்கள், பென்சில் எல்லாம் முனை வெளியே நீட்டிக்கொண்டு காலில் குத்தும். மூங்கில் கூடையில் சிலாம்பு ஏறும். அடி தட்டையாக, பக்கம் அடைத்ததாக, மூடி இல்லாததாகப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி வாங்கினால் ஏப்ரல் கடைசியில் பொருளைத் துணிப்பைகளில் கட்டிவிட்டு ஐந்து கூடையையும் பீரோவின் அடித்தட்டில் ஒரே அடுக்காக வைத்துவிடலாம்.