புதுமுக மாணவர் வரவேற்பு வாரம்: ஐந்துக்கு மூன்று

முதல் நாள் காலை அரங்க வாசலில் நின்றிருந்த மாணவி என்னைப் பார்த்ததும், “பெற்றோர் எல்லாரும் மேல்மாடத்தில் உட்காரலாம் சார்” என்று வழி காட்டினாள். கையிலிருந்த சேர்க்கைக் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். 22 ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு, 46 வயதில் உளவியல் முதுகலை படிக்க வந்தால் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புதிய கல்வியாண்டின் தொடக்கத்தில் ஐந்து நாள் நடந்த வரவேற்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் போடும் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. அதில் ஒன்று நூலகத்துக்கு, இன்னொன்று மூன்றாம் நாள் மாலைக்கு. மீதமுள்ள ஒன்றை மற்ற எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

முதல் நாளில் தொடங்குகிறேன், ஏனென்றால் வாரம் கெட்டது அங்கேதான். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து மணிவரை பதிவுப் பிரிவு, தேர்வுப் பிரிவு, விடுதி, உதவித்தொகை, கணினி மையம், ஒழுங்குக் குழு என்று ஒருவர் பின் ஒருவராக மேடையேறினார்கள். ஒவ்வொருவரும் “சுருக்கமாக முடித்துவிடுகிறேன்” என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒருவரும் முடிக்கவில்லை. பாடத்தைக் கைவிடக் கடைசி நாள், வருகைப் பதிவின் குறைந்தபட்ச அளவு, மறுமதிப்பீட்டுக்கு எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்லைடுகளில் ஓடி மறைந்தன. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளங்கலை மாணவி, நோட்டில் முதல் இரண்டு பக்கங்களை முத்து முத்தாக எழுதினாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பூனை வரைந்தாள். மீசைகூட ஒவ்வொரு முடியாக. நல்ல பூனை.

எபிங்கவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதியில் பெரும்பங்கு முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. அவராவது பிழையில்லாமல் ஒப்பிக்கும்வரை படித்துவிட்டுத்தான் மறந்தார். நாங்கள் ஒருமுறை கேட்டதோடு சரி. இதே வளாகத்தில், இரண்டு கட்டடம் தள்ளி, இதையே முதல் பருவப் பாடமாக நடத்துகிறார்கள் என்பதை நினைக்கச் சிரிப்பு வந்தது. மறுநாள் காலை சுற்றியிருந்த ஐந்து பேரிடம் பாடத்தைக் கைவிடும் கடைசி நாள் எது என்று கேட்டுப் பார்த்தேன். நான்கு பேருக்குத் தெரியவில்லை. ஐந்தாமவன் அடித்துச் சொன்னான், தவறாக.

இரண்டாம் நாள் நூலகம். அங்கே யாரும் உரையாற்றவில்லை. ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் ஓர் எண் மட்டும் இருந்தது. அந்த எண்ணுள்ள புத்தகத்தை அலமாரியில் தேடி எடுத்து, நம் அட்டையிலேயே இரவல் பதிந்துகொண்டு வர வேண்டும். என் சீட்டில் 153.12. அமெரிக்க நூலகர் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறைதான். அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக வெட்டி அடுக்கிய ஏற்பாடு. நானோ கால் போன போக்கில் போய் 657-க்கு முன்னால் நின்றிருந்தேன். கணக்கியல். பழைய முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்கும் மாடு மாதிரி. நூலகர் அம்மா என் சீட்டை எட்டிப் பார்த்து, “சார், நீங்கள் தேடுவது நூறுகளில் இருக்கிறது, அறுநூறுகளுக்கு வந்துவிட்டீர்கள்” என்றார். திரும்பி நடந்து, முதுகில் ஒட்டிய எண்களைக் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டே போய், புத்தகத்தைப் பிடித்தேன். நினைவாற்றலைப் பற்றியது. பக்கத்தில் இருந்ததும் அதே பொருள்தான் என்பதால் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். 40 நிமிடத்தில் எங்கள் குழுவில் எல்லாரும் வேலையை முடித்துவிட்டார்கள். இன்றுவரை நூலகத்தில் எனக்கு வழி தப்பியதில்லை.

மூன்றாம் நாள் மாலை மூத்த மாணவர்களுடன் சந்திப்பு. ஒலிபெருக்கி பழுதானது எங்கள் அதிர்ஷ்டம். பேச வந்தவர்கள் மேடையை விட்டு இறங்கிப் படிக்கட்டில் எங்களோடு உட்கார்ந்துகொண்டார்கள். கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவன் சொன்னான்: “முதல் பருவத்தில் இரண்டு தாளில் தோற்றுவிட்டேன். எல்லாருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்து வாயே திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் இருந்தவனும் அதையே நினைத்துக்கொண்டிருந்தான் என்று.” அரங்கில் பலர் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நானும்தான்.

இதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. வால்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், ‘இந்த இடம் நமக்கானதா’ என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும், நாளடைவில் போய்விடும் என்பதை மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியாகப் புதியவர்களுக்குக் காட்டினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயிற்சிதான். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன. எங்கும் அப்படியே பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து நாளில் இதற்கு ஒதுக்கியது 45 நிமிடம், துணைவேந்தர் வருகைக்காகக் காத்திருந்தது 70 நிமிடம் என்பதை மட்டும் குறித்துவைத்தேன்.

மற்றவை சுமார். வளாகச் சுற்றுலாவில் வழிகாட்டி நடந்த வேகத்துக்கு என் முழங்கால் ஈடுகொடுக்கவில்லை. மன்றங்களின் கண்காட்சியில் எல்லா மேசைகளிலும் நாடகக் குழுவின் சத்தம்தான் கேட்டது. அன்பளிப்புப் பையில் இருந்த பேனா எழுதவில்லை. என்னைப் போல வயதில் மூத்தவர்களுக்கு என்று தனியாக ஒரு வார்த்தைகூட இல்லை.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டாமல் பிரித்துச் சொல்வது செய்ய முடியாத காரியமா என்றால், இல்லை. அமெரிக்காவில் தென் கரோலைனா பல்கலைக்கழகம் 1972-இலேயே புதியவர்களுக்கான அறிமுகத்தைப் பருவம் முழுவதும் நடக்கும் ஒரு பாடமாக்கிவிட்டது. அந்த அளவுக்கு வேண்டாம். தேர்வைப் பற்றித் தேர்வுக்கு முந்தைய வாரம் சொன்னால் போதும்.

ஆறாவது வாரம் படிப்புச் சான்றிதழ் வாங்கப் பதிவுப் பிரிவு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் அந்தப் பூனைப் பெண், கையில் படிவத்தோடு.

“பாடத்தைக் கைவிட இன்றைக்குத்தானே அண்ணா கடைசி நாள்?”

நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நேற்று” என்றேன்.

அவள் அப்படியும் படிவத்தைச் சன்னலுக்குள் நீட்டினாள். உள்ளே இருந்தவர் தேதியைப் பார்த்தார்.

“முதல் நாளே சொன்னோமே அம்மா” என்றார்.