காலிப்பர் பின்னுக்குச் சிலிக்கோன் கிரீஸா, செம்பு கிரீஸா?

காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடற்காற்றில் வண்டி நிறுத்துபவர்களுக்குத் தெரியும்: டிஸ்க் பிரேக்கில் பேடுகளை (உராய்ந்து வண்டியை நிறுத்தும் கட்டைகளை) டிஸ்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் நகரும் பின்கள் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். சர்வீஸின்போது எதைத் தடவுவது?

ரப்பர்: பின்னை மூடும் ரப்பர் உறையைச் சிலிக்கோன் கெடுக்காது. செம்புத் தூள் கலந்த செம்பு கிரீஸில் பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய் இருக்கிறது; பல வண்டிகளின் உறையை அது ஊதவைத்துவிடும். பிறகு பின் நகராது, ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும். கையில் இருந்ததே போதும் என்று ஒருமுறை தடவிவிட்டு, புது பேட் வாங்கியவன் நான்.

வெப்பம்: சிலிக்கோன் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். செம்போ 1,000 டிகிரியையும் தாண்டும்.

விலை: மெல்லிய பூச்சே போதும்; இதில் கணக்குப் பார்ப்பது வீண்.

பின்னுக்குச் சிலிக்கோன்தான். பேடின் முதுகில் இரும்போடு இரும்பு உரசும் இடத்துக்குச் செம்பு பொருந்தும். காலிப்பர் அலுமினியம் என்றால் உப்பு ஈரத்தில் செம்பு அரிப்பைத் தூண்டும். அங்கே உலோகத் தூள் இல்லாத செராமிக் கிரீஸ் நல்லது. எதுவானாலும் பேடின் உராயும் முகத்திலும் டிஸ்கிலும் துளியும் படக்கூடாது.