எஸ்எஃப்இ மென்பொருள்: டெரிட்டரி பிரிக்க அருமை, ரெப்களை வரிசைப்படுத்த ஆகாது

பல நாடுகளில் மருந்து விற்கும் நிறுவனம் ஒன்றில், டாக்டர்களை நேரில் பார்த்து மருந்தைப் பற்றிச் சொல்லும் ரெப்களின் (விற்பனைப் பிரதிநிதிகள்) ஃபீல்டு டீம்களை நடத்துகிறேன். விற்பனைப் படையின் திறனை (சேல்ஸ் ஃபோர்ஸ் எஃபெக்டிவ்னெஸ், சுருக்கமாக எஸ்எஃப்இ) அளக்க, தலைமையகம் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்த மென்பொருள் இது. இதே மாதிரி ஒன்றை வாங்க யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

டெரிட்டரி (ஒரு ரெப்புக்கு ஒதுக்கிய வட்டாரம்) பிரிக்கும் பகுதி அபாரம். எந்த டாக்டரை எத்தனை முறை பார்க்க வேண்டும், ஒரு சந்திப்புக்கு எவ்வளவு நேரம், பயணத்துக்கு எவ்வளவு என்று கொடுத்தால் போதும். எந்த ரெப் தலையில் எவ்வளவு வேலை விழுகிறது என்று வரைபடத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் டீமில் ஒருவர் எப்போதும் டார்கெட்டைத் தாண்டுவார், பக்கத்து டெரிட்டரிக்காரர் எப்போதும் பின்தங்குவார். பார்த்தால், பெரிய மருத்துவமனைகள் எல்லாம் முதலாமவர் பக்கம். மற்றவருக்குப் பாதி நாள் சாலையிலேயே போயிருக்கிறது. அவரைப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தோம். எல்லையை மாற்றி வரைந்ததும் அதற்குத் தேவையே இல்லாமல் போனது.

இன்னொன்று, ரெப்பையே கேட்கும் வசதி. இந்த டாக்டரைக் கூடுதலாக ஒருமுறை பார்த்தால் விற்பனை எவ்வளவு ஏறும், பார்க்காமல் விட்டால் எவ்வளவு இறங்கும் என்று அவருடைய கணிப்பை வாங்கி, அதை வைத்துச் சந்திப்புத் திட்டம் போடுகிறது. 1971-ல் லியோனார்டு லோடிஷ் வெளியிட்ட 'கால்பிளான்' கணினி முறையின் அடிப்படையும் இதுதான். தன் அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் ரெப் அந்தத் திட்டத்தை மனதார ஏற்கிறார். இதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

நெட்வொர்க் இல்லாத இடத்திலும் செயலி ஓடுகிறது. சரி, அது போதும்.

கோளாறு நாடுகளை ஒப்பிடும் இடத்தில். ஒரு நாளைக்கு எத்தனை டாக்டரைப் பார்த்தார் என்ற கால் ரேட்டை வைத்து எல்லா நாட்டு ரெப்களையும் ஒரே டாஷ்போர்டில் வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசை இன்சென்டிவோடு சேர்ந்ததும், எளிதில் பார்க்க முடிந்த டாக்டர்களையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கால் ரேட் ஏறியது, விற்பனை அசையவில்லை.

விற்பனைத் தரவும் நாட்டுக்கு நாடு வேறு. எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்ற தரவை அமெரிக்காவில் விலைக்கு வாங்கலாம். ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒரு பகுதியின் மொத்த விற்பனைதான் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் திறமைசாலி என்று சொல்வது அநியாயம். அப்புறம் ஜெர்மனி. அங்கே ஊழியர்களின் செயல்பாட்டைக் கண்காணிக்கக்கூடிய கருவி எதைக் கொண்டுவந்தாலும், 'பெட்ரீப்ஸ்ராட்' என்ற ஊழியர் மன்றம் இருக்கும் நிறுவனத்தில் அதன் சம்மதம் வேண்டும். ஊழியர் மன்றங்களுக்கான ஜெர்மன் சட்டத்தின் 87-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. மென்பொருளை விற்க வந்தவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் நீங்களே கேளுங்கள்.

டெரிட்டரிக்கும் சந்திப்புத் திட்டத்துக்கும் தாராளமாக வாங்கலாம். வரிசைப் பட்டியலை நாங்கள் அணைத்துவிட்டோம். முக்கியமான டாக்டர்களில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதை மட்டும், அந்தந்த நாட்டுக்குள் பார்க்கிறோம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.