சொந்தமாகப் புத்தகம் போட்ட ஏழு வருடங்கள்: எந்த ஆலோசனை கைகொடுத்தது?

2018 இல் என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்பை நானே செலவழித்து அச்சடித்தேன். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கென்று சொல்லப்படும் ஆலோசனைகளை அன்று தொடங்கித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அநேகமானவை வெளிநாட்டுக்காரர் எழுதியவை. இப்போது மூன்றாவது புத்தகம் அச்சுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிற ஒருவருக்கு அவற்றில் எது உதவும் என்பதைப் பட்டறிந்த அளவில் சொல்கிறேன்.

தினமும் ஆயிரம் சொல் எழுது என்பது எனக்குச் சரிவரவில்லை. பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு எழுதிய ஆயிரம் சொல்லில் தொள்ளாயிரத்தை அழிக்க வேண்டியிருந்தது. தவணை விடுமுறைகளில் எழுதுவதுதான் எனக்கு ஓடுகிறது.

எழுதியதைச் சத்தமாக வாசி என்ற ஆலோசனை மட்டும் ஏழு வருடமும் பொய்க்கவில்லை. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். ஒரு கதையில் மீன் வாங்கப் போகும் பெண், "நான் சந்தைக்குச் செல்கிறேன்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினா. "உந்த மனுசி இப்பிடிக் கதைக்காது பிள்ளை. சந்தைக்குப் போற ஆள் 'செல்கிறேன்' எண்டு சொல்லுமே?" அன்றிரவு அந்தக் கதையின் உரையாடல் முழுவதையும் திருத்தினேன். கண் தாண்டிப் போவதைக் காது பிடித்துவிடுகிறது.

எழுதி முடித்ததை இரண்டு மாதம் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பார் என்பதும் நல்ல ஆலோசனை. அப்படிப் பார்த்தபோது என் ஒன்பது கதைகளில் ஆறு, இரண்டாம் பக்கத்தில்தான் உண்மையில் தொடங்கின. முதல் பக்கங்களை வெட்டிவிட்டேன்.

அச்சு விஷயத்தில் அந்த ஆலோசனைகள் எதிலும் இல்லாத ஒரு பாடம் படித்தேன். நான் யுனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அச்சகத்தில் அதைப் பாமினி என்ற பழைய வகை எழுத்துருவுக்கு மாற்றினார்கள். பாமினியில் காற்புள்ளிக்குரிய விசையில் 'இ' இருக்கிறது. மாற்றும்போது அதைக் கவனிக்காவிட்டால் ஒவ்வொரு காற்புள்ளியும் 'இ' ஆகிவிடும். "மழை, காற்று, இருட்டு" என்று எழுதியது "மழைஇ காற்றுஇ இருட்டு" என்று வந்தது. முதல் சில பக்கங்களை மட்டும் சரிபார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லியிருந்தேன். முன்னூறு பிரதிகளிலும் மூன்று கதைகள் அப்படியே அச்சாகிவிட்டன. அதைத் திறந்து பார்த்த நாள் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. இரண்டாவது புத்தகத்துக்குப் பக்க வடிவமைப்பை நானே யுனிகோடில் முடித்து, பிடிஎஃப் ஆகக் கொடுத்தேன். மாதிரிப் படியைத் தாளில் எடுத்து, அடிமட்டம் வைத்து வரிவரியாகப் பார்த்தேன்.

பக்கக் கணக்கையும் முதலே பாருங்கள். எங்கள் அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு போர்ம், அதாவது ஒன்றாக அச்சாகும் ஒரு தொகுதி. 132 பக்கம் என்றால் 144 பக்கத்துக்கான தாள் போகும். நான்கு பக்கத்தைக் குறைத்து 128 ஆக்கினேன். 2022 இல் டொலர் இல்லாமல் தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காலையில் சொன்ன விலை பின்னேரம் இருக்கவில்லை. அதனால் இரண்டாவது புத்தகத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன். புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைக் கொழும்பில் தேசிய நூலகத்தில் எடுக்கலாம். இலங்கைக்கு 978-955, 978-624 என்று தொடங்கும். வடிவமைப்பு முடியுமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, விற்பனை. புத்தகம் வரும் நாளில் ஆரவாரம் செய் என்கிறார்கள். எங்களுக்கு அது புதிதல்ல, வெளியீட்டு விழா இருக்கிறதே. முதற்பிரதி, சிறப்புப் பிரதி, நயப்புரை, ஏற்புரை எல்லாம் முறைப்படி நடந்தன. விலையை விடக் கூடுதலாகவே கடித உறையில் வைத்துத் தந்தார்கள். அச்சுக்கடனில் பெரும்பகுதி அந்த ஒரு மாலையில் தீர்ந்தது. அந்த அன்பை நான் மறக்கமாட்டேன். ஆனால் கதைகளை வாசித்துவிட்டுப் பேசியவர்கள் மூன்று பேர்தான். அன்புக்கு வாங்குகிறவரும் வாசிக்க வாங்குகிறவரும் எப்போதும் ஒரே ஆளாக இருப்பதில்லை.

அதனால்தான் வாசகர் பட்டியல் வைத்திரு என்ற ஆலோசனையை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். வெளிநாட்டுக்காரர் மின்னஞ்சலில் செய்வதை நான் எண்பது பக்கக் கொப்பியில் செய்கிறேன். வாசித்துவிட்டுக் கதைப்பவரிடம் அனுமதி கேட்டு, பெயர், ஊர், வட்ஸ்அப் இலக்கம், பிடித்த கதை நான்கையும் எழுதிக்கொள்வேன். புத்தகம் வரும்போது மட்டும் ஆளுக்கொரு செய்தி, பெயர் சொல்லி, அந்தக் கதையை நினைவூட்டி. குழுவில் தினமும் போட்டுத் தொல்லை கொடுப்பதில்லை. இரண்டாவது புத்தகம் வந்தபோது கொப்பியில் இருந்த அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் வாங்கினார்கள். முகநூலில் காசு கட்டிப் போட்ட விளம்பரத்தால் ஒரு பிரதிகூட விற்றதாகத் தெரியவில்லை.

அமேசான் கிண்டிலில் 2016 இன் கடைசியிலிருந்து தமிழ் மின்னூல் போடலாம். 2.99 முதல் 9.99 டொலர் வரை விலை வைத்தால்தான் எழுபது வீத உரிமத்தொகையைத் தெரிவு செய்யலாம், இல்லாவிட்டால் முப்பத்தைந்து வீதம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவருக்கு 2.99 பெரிய காசில்லை, இங்கே அது அதிகம். அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் தொண்ணூறு நாள் மின்னூலை வேறெங்கும் கொடுக்க முடியாது. 2005 இலிருந்து எங்கள் புத்தகங்களைச் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தரும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்கு என் புத்தகத்தைக் கொடுக்க விரும்பினேன். அதனால் முதல் தொண்ணூறு நாளோடு விலகிவிட்டேன். தானாகவே புதுப்பிக்கும் தெரிவை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். அந்தத் திட்டத்தில் கிடைத்த ஐந்து இலவச நாட்களில் நிறையப் பேர் தரவிறக்கினார்கள், ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களில் என்னிடம் கேட்டவர்கள் அச்சுப் புத்தகத்தைத்தான் கேட்கிறார்கள். தபாற்செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளுக்கும் ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில்தான் என் புத்தகங்கள் கடல் தாண்டின. மூன்றாவது புத்தகம் 112 பக்கம், சரியாக ஏழு போர்ம். கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை முன்னதாக வரும்படி அச்சகத்தில் நாள் குறித்திருக்கிறேன். கடைசிக் கதையை மட்டும் இன்னும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.