இஷாப்பூர் 2ஏ1 ரைபிளும் துளை போடாத ஸ்கோப் மவுண்டும்: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கியை) ரைபிளில் பிடித்து நிறுத்தும் மவுண்ட் நல்லது, வாங்கலாம். தோளில் படும் ரப்பர் பேட் கண்டிப்பாக வாங்குங்கள். மரக்கட்டைக்குப் (ஸ்டாக்) பதிலாக மாட்டும் பிளாஸ்டிக் கட்டை வேண்டவே வேண்டாம். ஏன் என்று கேட்பவர்களுக்காகத்தான் கீழே இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

இஷாப்பூர் 2ஏ1 பற்றித் தெரியாதவர்களுக்கு: மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் அறுபதுகளில் செய்யத் தொடங்கிய ரைபிள். 1962 சீனப் போருக்குப் பிறகு, ராணுவம் எஸ்.எல்.ஆர். என்ற தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், அதே 7.62 நேட்டோ தோட்டாவைப் போடக்கூடிய ஒரு இடைக்கால மாற்று ரைபிள் தேவைப்பட்டது. அதற்காக, நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் பார்த்த த்ரீ நாட் த்ரீயின் (.303 லீ என்ஃபீல்ட்) அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, இன்னும் உறுதியான எஃகில் புதிதாகச் செய்தார்கள். பழைய த்ரீ நாட் த்ரீயில் குழலை மட்டும் மாற்றியது என்று இங்கே அமெரிக்காவில் கடைக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது தவறு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: மேகசின் சதுரப் பெட்டி மாதிரி இருக்கும், பத்துக்குப் பதில் பன்னிரண்டு தோட்டா பிடிக்கும், குறி பார்க்கும் பின் சைட்டின் இலைத் தகட்டில் 800 மீட்டர் வரைதான் கோடு இருக்கும்.

நான் என்.சி.சி.யில் இருந்தவன். டிரில்லுக்கு மட்டும் கொடுத்த, சுட முடியாத டி.பி. ரைபிளைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்ற ஆட்களுக்கு அந்தக் கட்டையின் கனம் மறக்காது. சுடுவதற்குக் கொடுத்ததோ .22தான், அதுவும் கேம்பில் படுத்துக்கொண்டு ஐந்து ரவுண்டு. இந்தியாவில் .303, 7.62 நேட்டோ இரண்டுமே தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைக்காது. அதனால் ஹூஸ்டன் பக்கம் ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் மேசை மேல் அசோகச் சிங்கமும் 1967 என்ற ஆண்டும் குத்திய ரைபிள் ஒன்றைப் பார்த்தபோது அங்கிருந்து நகர முடியவில்லை. 450 டாலர். படிவம் 4473 நிரப்பி, பின்னணி சோதனை முடிந்து, அன்றைக்கே கையில் கொடுத்தார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்க மத்தியச் சட்டம்; செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. நான் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். நண்பர் வாங்கிவிட்டார், நாமும் வாங்கலாம் என்று போய்விடாதீர்கள், முதலில் விசாரியுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஸ்கோப் மாட்டும் ஆசையைத் தள்ளி வைத்துவிட்டு நேராக ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, அளக்கச் சொன்னேன். ஐம்பது வருடம் தாண்டிய, எத்தனை கை மாறியது என்றே தெரியாத ரைபிளில் இது முதல் வேலை, இதைத் தவிர்க்கவே கூடாது. அளவு சரியாக இருந்தது. ஆனாலும் இதன் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) பின்பக்கம் பூட்டும் வகை, அதனால் கடையில் கிடைக்கும், அதே அளவுள்ள ஆனால் அழுத்தம் கூடிய .308 தோட்டாக்களை நான் போடுவதில்லை. சாதாரண 147 கிரெயின் நேட்டோ தோட்டா மட்டும்தான்.

சரி, மவுண்டுக்கு வருவோம். இந்த ரைபிளில் ஸ்கோப் மாட்ட இரண்டு வழி. ஒன்று, ரிசீவரின் (போல்ட் ஓடும் உடல் பகுதி) பக்கவாட்டில் துளை போட்டுத் திருகு வைப்பது. எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஒரு முறை துளை போட்டால் போட்டதுதான், சேகரிப்பவர் யாரும் அப்புறம் அதைத் தொட மாட்டார். இரண்டாவது வழி, குழல் மேல் இருக்கும் பின் சைட் இலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே, இலையைப் பிடித்திருந்த அதே ஆணியை (பின்) வைத்து மாட்டும் மவுண்ட். அதன்மேல் கண்ணிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கும் ஸ்கவுட் வகை ஸ்கோப். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் எண்பதுகளில் ஸ்கவுட் ரைபிள் என்று ஒரு கருத்தைப் பரப்பினார் இல்லையா, அதே முறை. அவர் சொன்ன எடை மூன்று கிலோ. நம்முடையது ஸ்கோப் இல்லாமலே நாலு கிலோவைத் தாண்டும், அதனால் இதை ஸ்கவுட் ரைபிள் என்று கூப்பிட முடியாது. ஆனால் ஸ்கோப் முன்னால் போய்விடுவதால் மேலிருந்து விரலால் தோட்டா அழுத்துவதற்கு இடம் திறந்தே இருக்கிறது, காலித் தோட்டாவும் தடையில்லாமல் வெளியே வருகிறது. போல்ட்டை இழுத்துத் தள்ளும் அந்த வேகம், லீ என்ஃபீல்டின் உயிரே அதுதான், கொஞ்சமும் குறையவில்லை.

மவுண்ட் 90 டாலர். எஃகு, கறுப்புப் பூச்சு, விளிம்புகள் சுத்தம். மாட்ட இருபது நிமிடம் ஆனது, அதில் பாதி நேரம் பழைய ஆணியைத் தட்டி எடுப்பதற்கே போனது. குறை ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். முதல் நாள் ரேஞ்சில் இருபது ரவுண்டு போவதற்குள் முன் திருகு தளர்ந்துவிட்டது, குண்டு பலகையில் எங்கெங்கோ போக ஆரம்பித்தது, நானோ ஸ்கோப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அரை மணி நேரம் அதைத் திருகிக்கொண்டிருந்தேன். கூட வந்த காகிதத்தில் திருகுப் பசை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வீட்டுக்கு வந்து திருகுகளைத் துடைத்து, நீல நிறப் பசை ஒரு சொட்டு வைத்து முறுக்கினேன். அதன் பிறகு முந்நூறு ரவுண்டுக்கு மேல் போயிருக்கிறது, அசையவில்லை. செய்தவர்கள் அந்த ஒரு வரியை அச்சடித்துக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு நாள் தோட்டா மிச்சமாகியிருக்கும்.

ஸ்கோப் 2-7×32, அதாவது இரண்டு முதல் ஏழு மடங்கு வரை பெரிதாக்குவது. ஏழு மடங்கில் வைத்தால் கண் சரியான இடத்தில் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஓரம் கறுப்பாகிவிடும். நான் நாலில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது பின் கண்ணாடியில் வெளிச்சம் அடித்துப் பார்வை மங்கும், சாயங்கால ரேஞ்சில் இது உண்மையான தொந்தரவு. தொப்பியின் விளிம்பைத் தாழ்த்தினாலும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்தப் பழைய வெட்டு சைட்டும் முன் முனையும் சேர்ந்து தெளிவாகத் தெரியவே மாட்டேன் என்கிறது, அதனால் எனக்கு இது வரம். நூறு கஜத்தில் இரும்பு சைட்டில் ஐந்து அங்குலத்துக்குள் விழுந்தவை இப்போது மூன்று அங்குலத்துக்குள் விழுகின்றன. ரைபிள் மாறவில்லை, நான் பார்ப்பதுதான் மாறியிருக்கிறது.

இப்போது பிளாஸ்டிக் கட்டை. பழைய மரத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது, எடையும் குறையட்டும் என்று ஒரு பாலிமர் கட்டை வாங்கினேன். இங்கே நின்று கவனியுங்கள், இது முக்கியம்: இந்த ரைபிளில் பின்கட்டையை முதலில் கழற்றவே கூடாது. பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டின் முனை சதுரமாக இருக்கும், அது முன்கட்டையின் பின்முனையில் உள்ள தகட்டில் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருப்பினால் சதுர முனை சுற்றி மரத்தைப் பிளந்துவிடும். முன்கட்டை முதலில், பின்கட்டை அப்புறம், எப்போதும் இந்த வரிசைதான். எத்தனையோ நல்ல கட்டைகள் இப்படித்தான் வீணாகியிருக்கின்றன.

பாலிமர் கட்டை மாட்டியதும் பார்க்க நவீனமாகத்தான் இருந்தது, எடையும் குறைந்தது. சுட்டால் குண்டு விழும் வட்டம் ஆறு அங்குலம் ஆகிவிட்டது. காரணம் யோசித்தபோது புரிந்தது. இந்த மெல்லிய குழல் சும்மா நிற்பதற்காகச் செய்யப்படவில்லை. மரக்கட்டையின் முன்முனையில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன முளை குழலைக் கீழிருந்து தாங்கும், பின்னால் மரத்தின் இரண்டு பரப்புகள் ரிசீவரின் உதைப்பை வாங்கும். அந்த முழு ஏற்பாட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு ஓட்டுக்குள் ரைபிளை வைத்தால் எப்படி நேராகச் சுடும்? விரலால் தட்டினால் காலி டப்பா மாதிரி சத்தம் வேறு. ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன்.

பழைய மரத்துக்கே திரும்பினேன். கறுத்த பிசுக்கை மினரல் ஸ்பிரிட் தொட்ட துணியால் பொறுமையாக எடுத்தேன், உப்புத்தாள் போடவில்லை. போட்டால் மரத்தில் குத்திய முத்திரைகள் போய்விடும், பொருத்தமும் தளர்ந்துவிடும். பிறகு ஆளி விதை எண்ணெய், கையாலேயே தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் காய ஒரு வாரம் விட்டு, நாலு பூச்சு. உள்ளேயிருந்து ஒரு செம்மண் நிறம் எழுந்து வந்தது பாருங்கள், அன்றைக்கு என் மனைவி கேட்டாள், "ஏங்க, இதையா தூக்கிப் போட்டுட்டு அந்தப் பிளாஸ்டிக்க மாட்டினீங்க?" பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ரப்பர் பேட் 20 டாலர், பின்கட்டை மேல் உறை மாதிரி இழுத்து மாட்டுவது. உலோகத் தகடு நாற்பது ரவுண்டுக்குள் தோளைக் கன்ற வைத்துவிடும். இது போட்ட பிறகு மறுநாள் கை தூக்க முடிகிறது. கட்டை அரை அங்குலம் நீள்வதால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தை மறுபடி சரி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

விசையை நான் தொடவில்லை. இரண்டு கட்டமாக வரும் ராணுவ விசை, முதல் கட்டம் நீளம், இரண்டாவது தெளிவு. கொஞ்ச நாளில் பழகிவிடும்.

மவுண்ட் வாங்குகிறவர்கள் ஆர்டர் போடும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நம்பர் 1 மார்க் 3 வகைக்கும் 2ஏ வகைக்குமானதா, இல்லை நம்பர் 4 ரைபிளுக்கானதா? விற்பவர்கள் எல்லாவற்றையும் லீ என்ஃபீல்ட் என்று ஒரே பெயரில் போட்டுவிடுகிறார்கள். நம்பர் 4-இல் பின் சைட் ரிசீவர் மேல் இருக்கும், அதன் மவுண்ட் இதில் உட்காராது. கழற்றிய சைட் இலை, ஸ்பிரிங் இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, ரைபிள் இருக்கும் சேஃபுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.